மாற்றியமைத்த பழைய பிக்கப்புக்கு ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டர்: ஒரு மதிப்பீடு

பிரேக் பாகம் வாங்கச் செல்பவரிடம் உதிரிபாகக் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, வண்டி எது, எந்த ஆண்டு என்பதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு அந்த இரண்டு விவரங்களும் போதும். பின் ஆக்சிலில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்தி, முன்பக்கம் பெரிய காலிப்பர் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) மாட்டி, டயரையும் உயரத்தையும் கூட்டிய வண்டிக்கு அதே விவரங்கள் தவறான பாகத்தையே கொண்டுவந்து தரும். விலைப்பட்டியல் அறிந்திருப்பது அந்த ஆண்டில் விற்கப்பட்ட வண்டியை மட்டுமே. அப்படி மாற்றியமைத்த 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றுக்கு, பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் தேர்ந்தெடுத்துப் பொருத்திப் பார்த்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதே நிறுவனம் தன் கனமான வி6 வண்டிகளுக்குப் பயன்படுத்திய, ஒரு அங்குல உள்விட்டம் கொண்ட புதிய டாண்டம் (இரட்டைச் சுற்று) சிலிண்டர் இந்த வண்டிக்குப் பொருத்தமானது. ஆனால் அதை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டியின் நிலையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீழே வரும் ஒவ்வொரு கருத்தும் அதைப் பொறுத்தது. முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பரும் காற்றோட்டமுள்ள டிஸ்க்கும் இருக்கின்றன. பின்னால் டிரம் இருந்த இடத்தில் 48 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்கள் வந்துவிட்டன. 29 அங்குலமாக இருந்த டயர் இப்போது 33 அங்குலம். ஸ்பிரிங் பட்டைகள் மாற்றப்பட்டு வண்டி 50 மி.மீ. உயர்ந்திருக்கிறது. டயர் மாற்றம் மட்டுமே, அதே தூரத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு சக்கரத்திலும் தேவைப்படும் பிரேக் முறுக்குவிசையை ஏறத்தாழ 14 விழுக்காடு கூட்டிவிடுகிறது. கனமான டயர் சுழற்சியில் சேர்த்துவைக்கும் ஆற்றல் இதற்கு மேல். பழைய மாஸ்டர் சிலிண்டரின் உடலில் 7/8 என்று வார்ப்பிலேயே பதிந்திருந்தது. அதாவது 22.2 மி.மீ. உள்விட்டம். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வந்த பிறகு பெடல் தரைக்கு அருகில் போய்த்தான் பிடித்தது. குழாய்களில் காற்றும் இல்லை, வெளியே கசிவும் இல்லை.

பெடல் கீழே போகிறது என்றால் பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. பிஸ்டனை ஒரே விசையால் தள்ளும்போது, அதன் பரப்பு கூடக் கூட ஆயிலில் உண்டாகும் அழுத்தம் குறைகிறது. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு கால் விசையைப் பெருக்கும் பூஸ்டரின் உதவியும் சேர்ந்து பிஸ்டனில் 3000 நியூட்டன் விசை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 22.2 மி.மீ. சிலிண்டரில் சுமார் 77 பார் அழுத்தம் கிடைக்கும், 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலச் சிலிண்டரில் 59 பார். இன்னும் மேலே போய் ஒன்றேயரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மி.மீ. சிலிண்டர் போட்டால் 47 பாராக இறங்கிவிடும். மறுபுறம் 30 மி.மீ. நகர்வில் இந்த மூன்றும் தள்ளும் ஆயிலின் அளவு முறையே 11.6, 15.2, 19.2 கன செ.மீ. ஆகவே பெரிய சிலிண்டர் தருவது உயர்ந்த, கெட்டியான பெடலை மட்டுமே. நிறுத்தும் விசையை அது உண்மையில் குறைக்கிறது. கெட்டியான பெடலைப் பலமான பிரேக் என்று கால் நம்பிவிடுவதால்தான் இந்தத் தேர்வில் இத்தனை பேர் அளவுக்கு மீறிய சிலிண்டரை வாங்கிவிடுகிறார்கள்.

பின்பக்கம் டிஸ்க் போட்ட வண்டியில் இந்த இழுபறி இன்னும் கடுமையாகிறது. டிரம்மின் சுழற்சியே, அதன் உட்புறத்தில் உரசும் முன் ஷூவை மேலும் இழுத்து அழுத்துவதால் டிரம் பிரேக் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தத் தன்மை கிடையாது. அது வேலை செய்வதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அதோடு ஆயிலும் அதிகம் வேண்டும். டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் 22.2 மி.மீ. வீல் சிலிண்டரின் இரு பிஸ்டன்களையும் சேர்த்தால் பரப்பு சுமார் 776 சதுர மி.மீ.; நான் பொருத்திய 48 மி.மீ. காலிப்பர் பிஸ்டனுக்கோ 1810 சதுர மி.மீ. ஷூ நகரும் தூரம் பேட் நகரும் தூரத்தைவிடக் கூடுதல் என்பதால் இந்த விகிதத்தை அப்படியே ஆயில் தேவையின் விகிதமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் டிஸ்க் சற்று ஆடினாலோ, வீல் பேரிங் தளர்ந்தாலோ பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே கணிசமான ஆயில் செலவாகும்.

அழுத்தம், ஆயில் இரண்டில் எதை முதலில் உறுதி செய்வது என்று கேட்டால், தயங்காமல் ஆயில் அளவைத்தான் சொல்வேன். டாண்டம் சிலிண்டர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளைக் கொண்டிருப்பதன் நோக்கமே ஒரு சுற்றில் குழாய் வெடித்தாலும் மற்றது வண்டியை நிறுத்த வேண்டும் என்பது. ஒரு சுற்று செயலிழந்ததும் அதற்குரிய பிஸ்டன் வெறுமனே ஓடி முட்டிய பிறகுதான் மற்றதில் அழுத்தம் பிறக்கும். அந்த வீண் நகர்வுக்கும் பெடலில் இடம் மிஞ்சியிருக்க வேண்டும். சாதாரண நாளிலேயே பெடல் தரையை நெருங்கும் வண்டியில் இரண்டாவது சுற்று பெயரளவுக்குத்தான் இருக்கிறது. குறைந்துபோகும் அழுத்தத்தை இரட்டை டயாபிரம் (உள்ளே இரண்டு சவ்வுகள் கொண்ட, கூடுதல் உதவி தரும்) பூஸ்டர் கொண்டோ, உராய்வுத் தன்மை கூடிய பேட் கொண்டோ ஈடுகட்டலாம்; போதாத ஆயிலை ஈடுகட்ட வேறு எந்தப் பாகமும் கிடையாது.

இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் எதிரே நான்கு வழிகள் இருந்தன. பழைய அளவிலேயே புதிய சிலிண்டர் என்பது முதல் வழி. மேலே சொன்ன காரணங்களால் அதை உடனே ஒதுக்கினேன், பின்னால் டிரம்மை அப்படியே வைத்திருப்பவருக்கு அதுவே சரியான பாகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, புதுப்பிக்கப்பட்ட ஒரு அங்குலச் சிலிண்டர். ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பெடலை மெதுவாக, சீராக மிதித்துப் பிடித்திருக்கும்போது அது கால் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கழற்றிப் பிரித்துப் பார்த்தபோது உட்சுவரில் துருக்குழிகள் இருந்தன. தேய்த்து மெருகேற்றியும் அவை போகவில்லை, ரப்பர் கப் அவற்றின் மேல் சறுக்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் பின்னால் வழிந்தது. இந்த ஒரு பாகத்தை வைத்துப் புதுப்பிக்கப்பட்ட எல்லாவற்றையும் நிராகரிப்பது நியாயமில்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழல் இறக்கிச் சரியாகச் செய்தால் அது புதியதைவிடக் கூடுதல் காலம் உழைக்கும். அலுமினியச் சிலிண்டரின் விஷயம் வேறு. அதன் உட்சுவரில் இருக்கும் ஆனோடைஸ் எனும் கடினமான ஆக்சைடு படலம்தான் தேய்மானத்தைத் தாங்குகிறது. தேய்த்து மெருகேற்றினால் முதலில் போவது அந்தப் படலம்தான். அலுமினியத்தில் புதுப்பிக்கப்பட்டதை நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவது வழி, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் அலுமினியச் சிலிண்டர். வேலைப்பாடு நன்றாகவே இருந்தது. ஆயில் தொட்டி, குழாய்த் துவாரங்களின் இடம், எச்சரிக்கை விளக்கின் இணைப்பு எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருப்பதால், எஞ்சினையும் பூஸ்டரையும் சேர்த்தே மாற்றுபவருக்கு அது ஏற்றது. எனக்கு அவ்வளவு மாற்றம் தேவைப்படவில்லை.

நான்காவதாக வந்த வி6 வண்டியின் சிலிண்டர் இந்தக் குறைகள் இல்லாதது. ஆயில் தொட்டி போதுமான கொள்ளளவு கொண்டது. டிஸ்க் பேட் தேயத் தேயக் காலிப்பருக்குள் ஆயில் தங்கிக்கொண்டே போகும் என்பதால் நான்கு சக்கர டிஸ்க் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரப்பர் கிட் எளிதாகக் கிடைக்கிறது. ஆயில் குறைவைக் காட்டும் விளக்கு பழைய இணைப்பிலேயே வேலை செய்தது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது பூஸ்டர் முகப்பில் ஸ்டட் (சிலிண்டரை முடுக்கும் மரைக் கம்பி) எத்தனை, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை. ஒரே பெயருள்ள வண்டியிலேயே இவை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்புவதைவிட உடலில் வார்க்கப்பட்ட அளவைக் கண்ணால் பார்த்து, முடிந்தால் வெர்னியர் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

பொருத்தும் கட்டத்தில் அதிகக் கவனம் கேட்பது புஷ் ராடு. பூஸ்டரிலிருந்து வரும் அந்தக் கம்பி மாஸ்டர் பிஸ்டனின் குழிக்குள் உட்கார வேண்டும். பூஸ்டர் உள்ள வண்டியின் பிஸ்டனில் குழி பொதுவாக ஆழமற்றது; பூஸ்டர் இல்லாத வண்டியில் கம்பி நழுவாமல் இருக்க ஆழமாக இருக்கும். ஆழமற்ற குழியுள்ள சிலிண்டரைப் பூஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால், பெடலை வேகமாக விடும்போது கம்பி வெளியே விழுந்து பிரேக்கே இல்லாமல் போகக்கூடும். நீளத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். கம்பி ஒரு மயிரிழை நீண்டிருந்தால் பிஸ்டன் முழுமையாகத் திரும்பி வராது, தொட்டிக்குப் போகும் சிறு துவாரம் மூடியே இருக்கும், சூடாகி விரியும் ஆயில் திரும்பிப் போக வழியின்றிப் பேட்களைத் தானாகவே அழுத்தத் தொடங்கும். வண்டி ஓடஓடப் பிரேக் இறுகிக்கொண்டே போகும். கம்பி குட்டையாக இருந்தால் பெடலின் மேல்பகுதி வீணாகும், அவ்வளவுதான். என் வண்டியில் பழைய சிலிண்டருக்கு அமைத்திருந்த நீளம் புதியதற்குச் சரிவரவில்லை. குழியின் ஆழத்தையும் பூஸ்டர் முகப்பிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் தனித்தனியே அளந்து, மிகச் சிறிய இடைவெளி மிஞ்சுமாறு திருகி அமைத்த பிறகே சிலிண்டரை முடுக்கினேன்.

குழாய் இணைப்பு அடுத்தது. 4.75 மி.மீ. குழாய்க்கு வரும் எம்10×1.0 நட்டும், அங்குல அளவில் வரும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவதன் விட்டம் 9.5 மி.மீ.தான், மரை இடைவெளியோ 1.06 மி.மீ. ஆகவே அது மெட்ரிக் துவாரத்துக்குள் எளிதாகப் புகுந்துவிடும், ஓரளவு இறுகுவது போலவும் தோன்றும். அவசரமாக மிதிக்கும் ஒரு நாளில் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பல நாட்டு வண்டிகளின் பாகங்கள் ஒன்றுசேர்ந்திருக்கும் மாற்றியமைத்த வண்டியில் இந்தக் கலப்பு நடக்க வாய்ப்பு மிக அதிகம். குழாய் முனையும் அப்படியே: 45 பாகை இரட்டை மடிப்பு முனைக்கான இருக்கையில் குமிழ் வடிவ முனையை வைத்து எவ்வளவு முடுக்கினாலும் அது அடைபடாது. முனையையும் மரையையும் சிலிண்டருக்கு ஏற்றபடி புதிதாகச் செய்துகொள்வதுதான் வழி. டெஃப்லான் நாடா சுற்றுவது வழியே அல்ல.

பழைய டிரம் வண்டிகளின் சிலிண்டரில், துவாரத்துக்குள் ஒரு சிறிய எஞ்சழுத்த வால்வு இருப்பதுண்டு. சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் அழுத்தத்தைக் குழாயில் எப்போதும் வைத்திருந்து வீல் சிலிண்டர் ரப்பர்களை விரிந்த நிலையில் வைப்பது அதன் வேலை. திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் டிரம்மில் இருப்பதால் அங்கே அது தொல்லை தராது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. அதே அழுத்தம் பேட்டை எந்நேரமும் டிஸ்க்கோடு உரசவைக்கும். பின்பக்கம் டிஸ்க்குக்கு மாறியவர் வாங்கும் சிலிண்டரின் பின் சுற்றில் இந்த வால்வு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வண்டியின் தரைத்தட்டுக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாகச் சிலிண்டர் அமைந்த மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவைப்படும். அங்கே அதன் வேலை ஆயில் தொட்டிக்குத் திரும்பி வழிந்துவிடாமல் தடுப்பது.

சிலிண்டரைப் பற்றிய மதிப்பீட்டில் பின் அழுத்த வால்வைப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் ஹைலக்ஸில் இரண்டும் ஒரே முடிவின் இரு பகுதிகள். இந்த வண்டியின் சேஸிஸில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த ஒரு வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்; காலியாக இருந்து வண்டி உயர்ந்திருந்தால் குறைக்கும். பட்டையை மாற்றி வண்டியை 50 மி.மீ. உயர்த்தியதும் அந்த வால்வு வண்டி எப்போதும் காலியாகவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பின் பிரேக் வேலை செய்யவில்லை என்று புதிய காலிப்பர் மீது சந்தேகப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆக்சிலில் உள்ள தாங்கியை உயர்த்திய அளவுக்கு ஏற்ப நகர்த்தினால் வால்வு மீண்டும் சரியான நிலைக்கு வரும். சேஸிஸுக்கும் கேபினுக்கும் இடையே மட்டும் கட்டைகள் வைத்து உயர்த்திய வண்டிக்கு இந்தச் சிக்கலே இல்லை, அங்கே ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை.

பலரும் இந்த வால்வைத் தூக்கிவிட்டு, குமிழைத் திருகி அமைக்கும் வால்வைப் போடுகிறார்கள். வில்வுட் நிறுவனத்தின் குமிழ் வால்வு இவற்றில் பரவலாகப் பயன்படுவது. பின் அழுத்தத்தை அதிகபட்சம் 57 விழுக்காடு வரை குறைக்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. அது அழுத்தத்தை ஓர் எல்லையில் நிறுத்திவிடுவதில்லை, குறிப்பிட்ட புள்ளிக்குப் பிறகு ஏறும் வேகத்தைத்தான் தணிக்கிறது. பொருள் என்ற அளவில் அதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது பாரத்தை உணராது. காலி வண்டிக்குச் சரியாக அமைத்தால் பாரம் ஏற்றிய நாளில் பின்சக்கரங்கள் தங்கள் பங்கைச் செய்யாது. பாரத்துக்கு அமைத்தால் காலியாக, ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டி வண்டி சுழலும். பிக்கப் வண்டியைப் பாரம் ஏற்றவே பயன்படுத்துபவர், தாங்கியைத் திருத்திப் பழைய வால்வையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடாரம், பெட்டிகள் என எப்போதும் ஒரே எடையைச் சுமக்கும் வண்டிக்குக் குமிழ் வால்வு பொருந்தும். அப்படி மாற்றுபவர் ஒன்றை மறக்கக் கூடாது: முன் சுற்றிலிருந்து பழைய வால்வுக்கு ஒரு தனிக் குழாய் வருகிறது, முன் பிரேக் செயலிழந்தால் பின்னுக்கு முழு அழுத்தத்தையும் திறந்துவிட வைத்தது அது. வால்வை நீக்கும்போது அந்தக் குழாயை அது கிளைக்கும் இடத்திலேயே முறையான அடைப்பான் கொண்டு மூட வேண்டும்.

புதிய சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து, துவாரங்களிலிருந்து தொட்டிக்குச் சிறு குழாய்கள் வைத்து, குமிழிகள் நிற்கும் வரை ஏர் எடுத்துவிட வேண்டும். பிரேக் ஆயிலின் தரம் டாட் 3 அல்லது டாட் 4. கனமான டயரோடு மலை இறங்கும் வண்டிக்கு, ஈரம் சேராத நிலையில் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் உள்ள டாட் 4 நல்லது; டாட் 3-க்கு அந்த எல்லை 205. சிலிகான் அடிப்படையிலான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பெடலைப் பலமுறை மிதித்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரம் இறுக்கமாக இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. பூஸ்டரிலிருந்து சிலிண்டரின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தும்போது சக்கரம் விடுபட்டால் புஷ் ராடு அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. அப்போதும் விடாமல், சிலிண்டரில் குழாய் நட்டைத் தளர்த்தினால் விடுபட்டால் குறை சிலிண்டருக்குள், பெரும்பாலும் எஞ்சழுத்த வால்வு. அதிலும் விடாமல், காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் இடையில் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கிறது. பழைய வண்டியில் ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்த்ததில் பெடல் நல்ல உயரத்தில், கெட்டியாகப் பிடிக்கிறது. ஒரு சுற்றைத் திறந்துவிட்டு நின்ற இடத்தில் மிதித்துப் பார்த்தபோதும் மற்றச் சுற்று பெடல் தரையைத் தொடுவதற்கு முன்பே இறுகியது. இந்தப் பாகத்துக்காக நான் முழு மனதோடு வாதிடுவது இந்த ஒரு பண்புக்காகவே. மிதிக்க வேண்டிய விசை கூடியிருக்கிறது. பழைய ஒற்றை டயாபிரம் பூஸ்டரோடு, பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போது கால் அதை உணர்கிறது. இரட்டை டயாபிரம் பூஸ்டர் மாற்றிய பிறகுதான் அது இயல்பானது. ஆகவே இந்தச் சிலிண்டரின் செலவைக் கணக்கிடுபவர் பூஸ்டரின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எஞ்சினில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, பூஸ்டருக்கான வெற்றிடம் குறைந்த வண்டிக்கும், வெற்றிடப் பம்ப் இல்லாமல் டீசல் எஞ்சின் இறக்கிய வண்டிக்கும் முதலில் அந்தக் குறையைத் தீர்க்காமல் ஒரு அங்குலச் சிலிண்டர் வேண்டாம். பின் டிரம்மை மாற்றாமல், டயரை மட்டும் பெரிதாக்கியவருக்கும் இது வேண்டியதில்லை; அவருக்குத் தேவைப்படுவது முன்பக்கம் பெரிய காலிப்பரும் நல்ல பேட்டும், அவற்றைப் போட்ட பிறகு பெடல் எங்கே நிற்கிறது என்பதை அளந்து பார்க்கும் பொறுமையும்.